பூதம் பொம்மைதான், அதனால் என்ன?

புதுப் படம் ஒன்றில் கிராபிக்ஸ் சொதப்பினால் போதும், விமர்சகர்கள் உடனே "விட்டலாச்சாரியா படம் மாதிரி இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். மாயாஜாலப் படங்கள் எடுத்த இயக்குநர் அவர். அட்டைப் பூதம், கம்பியில் பறக்கும் வௌவால், ரப்பர் முதலை, எலும்புக்கூடு நடனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புதான்: குப்பை. கடலூர், சிதம்பரம் மாதிரி, சினிமா வியாபாரத்தில் 'பி சென்டர்' என்று சொல்லும் நடுத்தர ஊர்களில் வேறு நல்ல படம் பார்க்க வழியில்லாத ஜனங்கள் பார்த்துத் தொலைத்தவை என்று ஓர் அனுதாபமும் கூடவே வரும். இந்தத் தீர்ப்பு தவறு. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"பொம்மை என்று பளிச்சென்று தெரிகிறதே"

தெரியட்டும். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தைச் சொல்லமாட்டார்கள். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிதாகச் செய்கிறார்கள். மண் சுமந்தவரும் வண்ணம் பூசியவரும் அந்த ஊர்க்காரர்கள்தான். தொடையில் சிவப்பு நீர்ப் பானை புதைத்திருப்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பீமன் வேடக்காரர் கதையை ஓங்கி அந்தத் தொடையில் அடித்து, சிவப்பு பீறிட்டு, திரௌபதி கூந்தலை முடிக்கிற நேரத்தில் கூட்டத்துக்குள் சாமி வருகிறது, பெண்கள் அழுகிறார்கள். கந்த சஷ்டியில் சூரனுக்கு யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையை மாட்டுவதும் எல்லார் கண்முன்னேதான் நடக்கிறது. யாரும் "மரத் தலை" என்று எழுந்து போவதில்லை.

செய்தது தெரிந்தே பார்ப்பது நம் பழக்கம். மிச்சத்தைப் பார்ப்பவர் தன் மனத்தால் பூர்த்தி செய்கிறார். அட்டைப் பூதம் அந்த இடத்தை நமக்கு விட்டுவைக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் படத்தில் நமக்கு வேலையே இருப்பதில்லை.

"பார்த்தவர்களுக்கு விவரம் போதாது"

சிதம்பரம் வடுகநாதன் தியேட்டரிலோ கடலூர் கிருஷ்ணாலயா தியேட்டரிலோ இரண்டாம் ஆட்டத்துக்கு உட்கார்ந்த கூட்டம் எப்படிப்பட்டது? பரங்கிப்பேட்டை மீனவரும், புவனகிரி நெசவாளியும், 1929-லிருந்து சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவரும் சேர்ந்த கூட்டம். பக்கத்துப் பிச்சாவரத்தில்தான் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. சினிமா எடுக்கப்படுகிற ஒன்று என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதே தெரிந்த சங்கதி. படம் விட்டு வரும்போது "அந்தக் கை எப்படிடா அவ்வளவு நீளம் வந்துச்சு?" என்று டீக்கடைவரை சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களை ஏமாந்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் வித்தையின் ரசிகர்கள்.

இந்த ரசனைக்கு வயதும் அதிகம். காரைக்கால் அம்மையார் சுடுகாட்டுப் பேயைப் பாடி, தன்னையும் பேய் என்றே சொல்லிக்கொண்டார். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பேய்களைப் போர்க்களத்தில் கூழ் காய்ச்ச வைத்தார். அருவருப்பும் அச்சமும் சிரிப்பும் ஒரே பானையில் கொதிக்கிற இடம் அது. அதைப் பாடநூலில் வைத்துப் போற்றுகிறோம். அதே கலவை வெண்திரைக்கு வந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

"திறமை இல்லாதவர்களின் வேலை"

கிராபிக்ஸ் வராத காலத்தில் பெரிய பூதத்தையும் சிறிய மனிதனையும் ஒரே சட்டகத்தில் காட்ட என்ன செய்தார்கள்? லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்துப் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மூடி, அதே ஃபிலிமில் மறுபடி எடுப்பார்கள். இடையில் கேமரா இம்மி அசையக் கூடாது. நடிகர் கோட்டைத் தாண்டி விரலை நீட்டினால் விரல் காணாமல் போகும். லேபில் கழுவி வரும்வரை சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. காசு குறைவு என்பதால் இரண்டாம் வாய்ப்பும் குறைவு. திறமையற்றவர்கள் இதைச் செய்ய முடியாது.

கற்பனைக்கு ஓர் உதாரணம், விட்டலாச்சாரியாவின் 'ஜெகன்மோகினி' (1978). தெலுங்கில் எடுத்துத் தமிழிலும் வந்த படம். ஜெயமாலினி நடித்த மோகினிப் பேய் சமையல் செய்கிறது. விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிக்கிறது. இதற்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்? ஓர் அடுப்பு, கொஞ்சம் தீ, ஒரு ஜோடி பொய்க்கால். ஆனால் முந்திரிக் கட்டையை அடுப்பில் தள்ளிச் சமைத்த பண்ருட்டிப் பெண் மறுநாள் காலை அடுப்பு மூட்டும்போது அந்தக் காட்சி ஞாபகம் வராமல் இருக்குமா? தினமும் செய்கிற வேலைக்குள்ளேயே திகிலைக் கொண்டுவைத்தது அந்தக் காட்சி. 2009-ல் அதே பெயரில், நமீதா நடிக்க, புதிய தொழில்நுட்பத்தோடு தமிழில் எடுத்தார்கள். இன்றும் 'ஜெகன்மோகினி' என்றால் ஜனங்கள் பேசுவது பழைய படத்தின் அடுப்பைத்தான்.

கையில் இருப்பதை வைத்து வித்தை காட்டுவது புதிதும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-லேயே அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' எடுத்தது. கதைக்கு ஆதிகால மாமூத் யானைகள் தேவைப்பட்டன. நம்மூர் யானைகளுக்கு நீள முடியைப் போர்த்தி மாமூத் ஆக்கிவிட்டார்கள்! அமெரிக்காவில் இயக்குநர் ரோஜர் கார்மன் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் முடித்தார். பின்னாளில் பெரிய இயக்குநர்களான கொப்போலாவும் ஸ்கார்செஸியும் ஜேம்ஸ் கேமரூனும் தொழிலின் தொடக்கத்தில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். அங்கே இத்தகைய படங்கள் ஒரு பள்ளிக்கூடம் என்று ஒப்புக்கொண்டு 2009-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

"பேய்ப் படம், ஆனால் பயமே வரவில்லை"

கடலூர்க்காரர்களுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்க சினிமா தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் சுனாமியாகத் தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. பிச்சாவரத்துப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, தலைமுறையாக வளர்த்த பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 மழையில் ஊரே மிதந்தது. அந்தப் பயங்களுக்கு இடைவேளை கிடையாது, எப்போது முடியும் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

பூதப் படத்தின் பயம் அளவு பார்த்துக் கொடுக்கப்படுவது. இரண்டரை மணி நேரத்தில் பூதம் தோற்கும், மந்திரவாதி ஒழிவான், விளக்கு எரியும். பக்கத்து நாற்காலிக்காரரும் நம்மோடு சேர்ந்து அலறி, சேர்ந்து சிரிப்பார். நிஜமான பேரிடரைப் பார்த்த மக்களுக்கு இப்படிக் கைக்கு அடங்குகிற பயம் பெரிய ஆறுதல். நடுங்கவைக்கவில்லை என்று அந்தப் படத்தைக் குறை சொல்வது, அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளாததால் வருவது.

"மூடநம்பிக்கையை வளர்க்கிறது"

'பட்டணத்தில் பூதம்' (1967) பார்த்துவிட்டு யாராவது பூதத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டார்களா? ஜாவர் சீதாராமன் நடித்த அந்தப் பூதம் குழந்தைகளுக்குக் கூட்டாளி ஆயிற்று. பெரும்பாலான மாயாஜாலப் படங்களில் மந்திரவாதிதான் வில்லன். அவன் பேராசையே அவனை அழிக்கிறது. மூடநம்பிக்கையால் பிழைப்பவர்கள், உண்மை என்று சத்தியம் செய்து தாயத்து விற்பவர்கள். சினிமாக்காரர் கதை என்று சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறார்.

ஆனால் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். மோகினி என்றாலே அரைகுறை ஆடை என்ற வழக்கம் பெண்களைச் சிறுமைப்படுத்தியது. பாம்பு, குரங்கு, யானையெல்லாம் படப்பிடிப்பில் பட்ட பாட்டுக்கும் எந்த நியாயமும் இல்லை. விலங்குகளை நடிக்கவைக்கப் பதிவு வேண்டும் என்று 2001-ல் வந்த விதிகள் வரவேற்க வேண்டியவை. இந்த இடத்தில் ரப்பர் பாம்பே மேலானது.

"கிழவர்களின் பழைய ஞாபகம்"

அப்படியென்றால் 2012-ல் இரண்டு இளம் இயக்குநர்கள், ஹரி ஷங்கரும் ஹரீஷ் நாராயணும், பெரிய நட்சத்திரங்களை நம்பாமல், மனித மிருகம் ஒன்றை வைத்துத் தமிழில் 'அம்புலி'யை முப்பரிமாணத்தில் எடுத்திருக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டு வரும் ராட்சதப் பாம்பின் முன்னால் இன்றைய பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆசை அப்படியே இருக்கிறது. அழிந்துகொண்டிருப்பவை பிரதிகள்தான். வெப்பத்திலும் ஈரத்திலும் கிடக்கும் ஃபிலிம் சுருள் சுருங்கி, புளித்த வாடை வீசி, பிறகு ஒன்றுக்கும் உதவாமல் போகும். 'குப்பை' என்று பெயர் வாங்கிய படத்தை யார் செலவழித்துக் காப்பாற்றுவார்கள்?

புனேயில் 1964-லிருந்து இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், தமிழகத்தின் திரைப்படக் கல்லூரியும், திரைப்படச் சங்கங்களும் இந்த வகைப் படங்களுக்கு ஒரு பட்டியல் போட வேண்டும். நெகட்டிவ் எங்கெங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தந்திரக் காட்சி எடுத்த தொழிலாளர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இவற்றைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கட்டும். கூட்டம் வரும். காசில்லாமல் அதிசயம் செய்து காட்டியவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதையை அந்தக் கூட்டம் கைதட்டிக் கொடுக்கும்.