நுந்தை யார்?

எந்தை, நுந்தை, தந்தை என்பன முறையே என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை எனப் பொருள்படும் பழந்தமிழ் முறைப்பெயர்கள். பிள்ளையின் பக்கம் நின்றே தமிழ் இவ்வுறவுக்குப் பெயரிட்டுள்ளது. மரபணுச் சோதனை வந்த பின்னரோ, ஐயுறும் கணவனின் பக்கம் நின்று இதனை நோக்கும் வழக்கம் பெருகி வரக் காண்கிறோம்.

திருமணம் நிலைத்திருக்கும் காலத்திலோ, அது முறிந்து தாய் மறுமணம் புரியாதிருக்க 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் மகவு அக்கணவனுக்கே உரியது என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம். கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுதற்கு வாய்ப்பே இல்லை என மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் இதையே கூறுகிறது.

இதனை ஆங்கிலேயர் தந்த சட்டம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஆண்டில் ஒரு சிறுவனைப் பற்றிய வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்தது. ஸம்ஆவின் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவன் அவன். தம் அண்ணன் உத்பாவின் மகன் என்றார் ஸஅது (ரலி). தம் தந்தையின் மகன் என்றார் ஸம்ஆவின் மகன் அப்து. சிறுவனின் முகச்சாயல் உத்பாவை ஒத்திருந்தது. அதனை நபியவர்கள் கண்டார்கள். எனினும் ஸம்ஆவின் குடும்பத்துக்கே அவனை உரியவனாக்கினார்கள். ஆயினும் ஸம்ஆவின் மகளாகிய தம் துணைவியார் ஸவ்தா (ரலி) அவர்களை அவன்முன் திரையிட்டுக்கொள்ளப் பணித்தார்கள். சாயல் என்னும் சான்று மறைக்கப்படவில்லை. நசபை முடிவு செய்யும் உரிமை மட்டுமே அதற்கு மறுக்கப்பட்டது. இந்நுட்பம் நம் மேடைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் குறை.

மறுக்க விரும்பும் கணவனுக்கு ஷரீஅத் ‘லிஆன்’ என்னும் வழியை வைத்துள்ளது. இறைவன்மீது நான்கு முறை ஆணையிட்டு, ஐந்தாவதாகத் தான் பொய்யனாயின் சாபம் தன்மேல் இறங்குக எனக் கூற வேண்டும். எளிதில் நாவெழாது! 2002இல் மக்காவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவையும், நசபை மறுக்க மரபணுச் சோதனையை லிஆனுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது எனவும், மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போதல் போன்றவற்றில் அதனை ஏற்கலாம் எனவும் முடிவு செய்தது.

நம் உச்ச நீதிமன்றம் ஒரே நிலையில் நின்றதில்லை. 2014இல் ஒரு வழக்கில் சோதனை முடிவுக்கே முதன்மை தந்தது. 2025 நவம்பரிலோ, முஸ்லிம் தம்பதியரின் மணவாழ்வில் பிறந்த பிள்ளை குறித்துத் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில், உயர்நீதிமன்றம் இட்ட சோதனை ஆணையை நீக்கியது. இதனை நாம் வரவேற்கிறோம்.

நம் செட்டிநாட்டுச் சீமைக்கு இது தொலைவுச் செய்தியன்று. அன்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும், இன்று வளைகுடாவுக்கும் சபுர் செல்லும் ஆடவர் நம்மிடையே பலர். உண்மையிலேயே வஞ்சிக்கப்பட்ட கணவனுக்குக் கடவுச்சீட்டின் முத்திரையே சான்றாகும். குழந்தையின் குருதி வேண்டுவதில்லை. வம்புப் பேச்சைக் கேட்டுச் சோதனை கோருவோர்க்குச் சட்டம் கதவடைப்பதே முறை.

ஆனால் வளர்ந்த பிள்ளை தானே முன்வந்து கேட்டால்? தாய் வேறொருவரின் மனைவியாயிருந்த காலத்தில் பிறந்த ரோகித் சேகர், என்.டி. திவாரியே தம்மைப் பெற்றவர் என்பதைத் தில்லி உயர்நீதிமன்றத்தின் வழியே 2012இல் நிறுவினார். 2025 சனவரியில் கேரள வழக்கொன்றில் மகனின் தரப்புக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. பிள்ளையைக் காக்கவே எழுந்த விதி பிள்ளைக்கு எதிராகவே நிற்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. வயது வந்த மகனோ மகளோ தாமே கோரினால், மணவாழ்வில் பெற்ற உரிமைகளை இழக்காமல் தம் பிறப்பை அறிந்துகொள்ள நீதிமன்றம் இடம் தர வேண்டும்.