நம்பினால் போதுமா?

கிறித்தவ சமயக் கொள்கைகளுள் பிறர் நகைப்புக்கு மிகுதியும் ஆளான கொள்கை ஒன்று உண்டு. மனிதன் தான் செய்யும் நற்செயல்களால் மீட்புப் பெறுவதில்லை. இறைவன் அருளை நம்பி ஏற்பதாலேயே பெறுகிறான் என்பது அது. இதைக் கேள்வியுற்ற என் விடுதி நண்பர் ஒருவர், “தேர்வே எழுதாமல் முதல் வகுப்பில் தேறும் ஏற்பாடாக அல்லவா இருக்கிறது! அப்படியொரு பல்கலைக்கழகம் இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே சேர்ந்து விடுகிறேன்” என்றார். அறையே சிரித்தது. ஆனால் நண்பர்களே, சிரிப்பு அடங்கிய பின் எண்ணிப் பார்த்தால் அக்கொள்கை அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கது அன்று.

1517ஆம் ஆண்டில் செர்மனியில் மார்ட்டின் லூதர் எதை எதிர்த்துக் கிளம்பினார்? பாவத்துக்கு உரிய தண்டனையைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று சீட்டு விற்றதை எதிர்த்து. புண்ணியம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்று பேரேடு எழுதி, இறுதியில் இறைவனிடமே பாக்கி கேட்கும் மனப்பான்மையை எதிர்த்து. இந்த எதிர்ப்பு தமிழனுக்குப் புதிதா? ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்கிட்டு அறத்தை விற்கும் வணிகன் அல்லன் அவன் என்றுதானே போற்றினார்? புறநானூறு படித்தவர் லூதரைப் பார்த்து நகைக்க முடியாது. வைணவத்திலும் இதே வழக்கு நடந்தது. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு நற்செயல் புரிய நேரமேது, கையேது? அவனுக்கும் வீடு உண்டு என்று சொல்லும் சமயம் பூனைக்குட்டியின் பக்கமே சாயும்.

உரோமைத் திருச்சபை இதற்கு விடை சொல்லாமல் இல்லை. 1547இல் திரெந்து நகரில் கூடிய பேரவை, தொடக்கம் இறையருளே என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் வெறும் விசுவாசம் போதாது, மனிதனின் ஒத்துழைப்பும் அன்பின் செயலும் வேண்டும் என்று அறுதியிட்டது. நூல் நூலாக எழுதினார்கள்; நாடு நாடாகச் சண்டையிட்டார்கள். அவற்றை விரித்தால் இந்த மலர் கொள்ளாது.

இவ்விரு கட்சியாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆண்டு பார்த்த ஊர் ஒன்று நம் அண்டையிலேயே இருக்கிறது. அதுதான் கொச்சி. நற்செயலும் வேண்டும் என்ற போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே கோட்டை கட்டினர். விசுவாசம் மட்டுமே என்ற ஒல்லாந்தர் 1663இல் அதைப் பிடித்தனர். கத்தோலிக்கக் கோவில்களுள் பெரும்பாலானவற்றை இடித்தனர். பிரான்சிசுக் துறவியரின் கோவிலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டனர். வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் புதைத்த கோவில் அது. அதன் சுவர்களில் ஒரு புறம் போர்த்துக்கீசியரின் கல்லறைக் கற்கள், மறுபுறம் ஒல்லாந்தரின் கற்கள். விசுவாசமா, செயலா என்று ஓயாது வழக்காடியவர்கள் ஒரே கூரையின் கீழ் எதிரெதிரே நிற்கிறார்கள்!

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்தே போய்விடலாம். 1653இல் கூனன் குரிசில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு சிரியக் கிறித்தவர்கள் ஆணையிட்ட ஊர் இது. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது மங்காட்டுமுக்கில் தெருவோரம் உள்ள ஒரு சிறு வழிபாட்டு இடத்தைப் பற்றி. அங்கே படமும் இல்லை, பாதிரியாரும் இல்லை. மெழுகுத்திரி ஏற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். எந்தச் சமயத்தார் என்று யாரும் கேட்பதில்லை. காப்பிரி முத்தப்பன் என்பது அங்கே குடியிருப்பவரின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அடிமை அவர். ஒல்லாந்தர் படை நெருங்கியபோது போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்தனர் என்றும், காவலுக்கென்று அடிமைகளையும் கொன்று உடன் புதைத்தனர் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்றும் சுவர்மேல் அமர்ந்து சுருட்டுப் புகைப்பாராம். சிலாசனம் சொல்லும் வரலாறு அன்று இது, மக்கள் வாய்க்கதை. ஆனால் அடிமை வாணிகம் வாய்க்கதை அன்று.

காப்பிரி என்ற சொல்லின் பிறப்பைக் கேளுங்கள். அரபு மொழியில் ‘காஃபிர்’ என்றால் நம்பாதவன். அரபு வணிகரிடமிருந்து அச்சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்து, கறுப்பு மனிதர் அனைவர்க்கும் சூட்டினர். நம்பாதவன் என்பதே ஒருவனுக்குப் பெயராகிவிட்டது! நம் தமிழிலோ, எசமானுக்கு உண்மையாய் உழைப்பவனை விசுவாசமான வேலைக்காரன் என்கிறோம். அந்தக் கதையின்படி விசுவாசத்துக்காக உயிரோடு விலை கொடுத்தவன் யார்? விசுவாசம் அற்றவன் என்று பெயரிடப்பட்ட அவனேயன்றோ!

ஒல்லாந்தர் வந்தபின் அடிமைக்கு விடிந்ததா? இல்லை. அவர்களுடைய கும்பினியும் கொச்சியிலிருந்து மனிதரைக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் அனுப்பியது. (முனையின் பெயரைப் பாருங்கள்!) விசுவாசம் மட்டும் என்றவனும் மனிதனை விலைக்கு வாங்கினான், நற்செயலும் வேண்டும் என்றவனும் வாங்கினான். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த அந்த வேறுபாடு கொச்சித் துறைமுகத்தில் நின்ற அடிமையின் காலில் கிடந்த சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூடத் தளர்த்தவில்லை.

இதைவிடக் கொடிய சான்று ஒன்று 1742இல் ஒல்லாந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. யாக்கோபுஸ் காப்பிட்டைன் என்ற இளைஞர் அங்கே ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டவர் அவர். கிறித்து தரும் விடுதலை ஆன்மாவுக்கு உரியது. ஆகவே உடல் அடிமையாய் இருப்பது கிறித்தவ விடுதலைக்கு முரணன்று என்பது அவ்வுரையின் சாரம். அடிமையாயிருந்தவன் வாயாலேயே இது வந்ததே என்று ஒல்லாந்தர் மகிழ்ந்திருப்பர். எனக்கு அந்த இளைஞர்மேல் சினம் வரவில்லை. அவருக்குப் பாடம் சொன்னவர்கள்மேல் வருகிறது.

ஆகவே கொள்கையே தீது என்பீர்களா? அதையும் நான் ஒப்பேன். 1847இல் திருவிதாங்கூர் மன்னரிடம் அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு விண்ணப்பம் கொடுத்த பாதிரிமார்களும் விசுவாசத்தால் மீட்பு என்று போதித்தவர்களே. கொச்சி அரசில் 1854இலும் திருவிதாங்கூரில் 1855இலும் அடிமைத்தனம் சட்டப்படி நீங்கியது. ஒரே கொள்கை ஓரிடத்தில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டது. மற்றோரிடத்தில் அதை அறுக்க விண்ணப்பம் எழுதியது.

வேறுபாடு எங்கே? யார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. “என் நற்செயலால் நான் மீட்புக்கு உரியவன் ஆகவில்லை” என்று கொடுத்தவன் தன் கையைப் பார்த்துச் சொன்னால் அது பணிவு. ஆய் அண்டிரனின் பண்பு. “செயலில் என்ன இருக்கிறது, நம்பினால் போதும்” என்று எசமான் அடிமையைப் பார்த்துச் சொன்னால் அது ஏய்ப்பு. முன்னது பேரேட்டைக் கிழிக்கிறது. பின்னது தன் பெயரில் உள்ள பற்றை மட்டும் அழித்துவிட்டுப் பேரேட்டை மூடி வைக்கிறது.

1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இப்பொருளில் கூட்டு உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். மீட்பு அருளால், நற்செயல் அதன் கனி என்ற அளவில் ஒத்துக்கொண்டனர். ஒல்லாந்தர் சபை எந்த மரபைச் சேர்ந்ததோ அந்தச் சீர்திருத்த மரபினரின் உலக ஒன்றியம் 2017இல் விட்டன்பர்கில் அதனோடு இணைந்தது. இணையும்போது, இறைவன் மனிதனை நீதிமானாக்குவதற்கும் உலகில் நீதி நிலவுவதற்கும் பிரிக்க முடியாத தொடர்பு உண்டு என்பதையும் வலியுறுத்தினர். கொச்சிக் கோட்டை கைமாறி அப்போது 354 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொச்சிக்குச் செல்லும் நம் மாணவர்கள் வாஸ்கோ ட காமாவின் கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டுச் சீன வலைகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த சுற்றுலாவில் மங்காட்டுமுக்கையும் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று மன்றச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இறையியல் கல்லூரிகளும் விசுவாசம், நற்செயல் பற்றிய வகுப்பு ஒன்றை அந்தச் சுவரருகே நடத்தலாம். இடம் சிறிதுதான், நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கும்.