கப்பல் தொழிற்சாலையில் பிறந்த பாட்டு விழா

திருக்கோவிலூர் என்றதும் பெரியவர்களுக்கு ஒரு மழை இரவு நினைவுக்கு வரும். முதலாழ்வார்கள் மூவரும் ஒரு குறுகலான இடைகழியில் ஒதுங்கி நின்று பாடினார்கள் என்பது ஐதீகம். அங்கே மேடை இல்லை. பரிசு இல்லை. பாடச் சொல்லி யாரும் உத்தரவு போடவும் இல்லை.

ஓர் அரசாங்கமே மேடை போட்டு, பரிசும் கொடுத்துப் பாட்டு விழா நடத்தினால் எப்படி இருக்கும்? போலந்து நாட்டில் அப்படி நடந்தது. அந்த விழா எப்படி வளர்ந்தது, ஏன் நின்றது என்பது சுவையான கதை.

தொழிற்சாலையில் தொடக்கம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் போலந்தில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. 1989 வரை நீடித்தது. ஸ்டாலின் 1953-ம் ஆண்டு இறந்தார். 1956-க்குப் பிறகு கெடுபிடிகள் சற்றுத் தளர்ந்தன. மேல்நாட்டுச் சங்கீதம் கேட்க மக்களுக்கு ஆசை பிறந்தது.

1961-ல் சர்வதேசப் பாட்டு விழா தொடங்கியது. தொடங்கியவர் ஸ்பில்மான் என்ற பியானோ மேதை. ஹிட்லர் படையிடம் சிக்காமல் வார்சா நகரத்து இடிபாடுகளில் ஒளிந்து உயிர் பிழைத்தவர். 2002-ல் வந்த 'தி பியானிஸ்ட்' சினிமா இவர் கதைதான்.

விழா முதலில் நடந்த இடம் எது தெரியுமா? கடான்ஸ்க் நகரில் உள்ள கப்பல் கட்டும் தொழிற்சாலையின் மண்டபம்! 1964-ல் பக்கத்து ஊரான சோபாட்டுக்கு விழா மாறியது. அங்கே காட்டுக்கு நடுவே திறந்தவெளி அரங்கம் இருந்தது.

போட்டிக்குப் போட்டி

மேற்கு ஐரோப்பிய நாடுகள் 1956 முதல் 'யூரோவிஷன்' என்ற பாட்டுப் போட்டியை டெலிவிஷனில் நடத்தின. கம்யூனிஸ்டு நாடுகள் சும்மா இருக்குமா? 'இன்டர்விஷன்' என்று தாங்களும் ஒன்று நடத்தின. 1965 முதல் 1968 வரை அது செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்தது. 1968 ஆகஸ்டில் ருஷிய டாங்கிகள் அந்த நாட்டுக்குள் புகுந்தன. போட்டியும் நின்றது.

1977-ல் சோபாட்டில் அதற்கு மறுபிறவி. 1978-ல் ருஷியப் பாடகி அல்லா புகச்சோவா முதல் பரிசு பெற்றார். 1979-ல் 'போனி எம்' குழுவே வந்து பாடியது. விழா கொடி கட்டிப் பறந்தது.

விளக்கொளிக்கு வெளியே

நாட்டின் நிலைமையோ வேறு. 1970-களில் அரசாங்கம் மேல்நாட்டு வங்கிகளில் கடனுக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. 1980 ஜூலையில் இறைச்சி விலை ஏறியது. அடுத்த மாதம் கடான்ஸ்க் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டும் ஒரு பெண்மணியை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. தொழிலாளர்கள் பொங்கி எழுந்தார்கள். ஆகஸ்டு 14-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. எலெக்ட்ரீஷியன் லேக் வலேசா தலைமை தாங்கினார்.

பாட்டு விழா பிறந்த அதே தொழிற்சாலை! சில கிலோமீட்டர் தூரத்தில் சோபாட்டில் அப்போது போட்டி நடந்துகொண்டிருந்தது. அங்கே பாட்டு, இங்கே பூட்டிய வாசலில் தொழிலாளர் கூட்டம்.

ஆகஸ்டு 31-ந் தேதி அரசாங்கம் இறங்கி வந்தது. சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்கச் சம்மதித்தது. 'சாலிடாரிட்டி' பிறந்தது. ஆனால் 1981-ல் பாட்டு விழா நடக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி ராணுவச் சட்டம் வந்தது. 1984-ல் சோபாட் விழா மீண்டும் நடந்தது. இன்டர்விஷன் போட்டி அங்கே திரும்பவில்லை.

மக்களுக்குப் பாட்டு கசந்துவிடவில்லை. மேடையில் பாட அனுமதித்த அரசாங்கம், விலைவாசி பற்றித் தெருவில் பேச அனுமதிக்கவில்லை. அதுதான் கோளாறு.

2025 செப்டம்பரில் ருஷியா இன்டர்விஷனை மாஸ்கோவில் மறுபடி நடத்தியது. இந்தியாவும் கலந்துகொண்டது. வியட்நாம் பாடகர் முதல் பரிசு பெற்றார். இத்தகைய விழாக்களைப் பார்ப்பதில் தப்பில்லை. பார்க்கும்போது, அரங்கத்துக்கு வெளியே ஜனங்கள் வாய் திறந்து பேச முடிகிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.