துணி மூடிய ஆறு கணினிகள்

ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். மூலையில் ஆறு கணினிகள் துணியால் மூடப்பட்டுக் கிடந்தன. பழுதா என்று கேட்டேன். "பழுதில்லை சேர், விண்டோஸ் 11 ஏறாது" என்றார் ஆசிரியர். புதியவற்றுக்கு நன்கொடையாளரைத் தேடுகிறார்களாம்.

விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 இல் நிறுத்திக்கொண்டது. 11 ஆம் பதிப்போ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. உழைக்கத் தெம்பிருந்தும் பத்திரமில்லை என்று தள்ளிவைக்கிறார்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தைக் கண்ட மலையகத்துக்கு இந்த நியாயம் புதிதன்று.

ஆனால் கணினி விழித்ததும் எதை எழுப்புவது என்று முதலில் தீர்மானிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் உறையும் சிறு மென்பொருள். எஃப்2 அல்லது எஃப்12 விசையை அழுத்தி (கணினிக்குக் கணினி மாறும்) தொடக்க வரிசையில் யுஎஸ்பியை முன்னே வைத்தால், அதிலுள்ள லினக்ஸ் வன்தட்டைத் தொடாமலே இயங்கும். பிடித்தால் நிறுவலாம். விண்டோஸையும் வைத்துக்கொண்டால், எது வேண்டுமென்று தொடக்கத்தில் ஒரு பட்டியல் கேட்கும். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். செலவு ஒரு சதமுமில்லை.

இதைக் கற்பிக்க ஆசிரியருக்கு ஒரு பிற்பகல் போதும். அதற்கு நாடா வெட்ட முடியாதே! புதுக் கணினிக்குத்தான் படம் பிடிப்பார்கள்.

என் பையில் யுஎஸ்பி இருந்தது. அதிபரும் சம்மதித்தார். விசையை அழுத்தினோம், கடவுச்சொல் கேட்டது. அதை இட்டுச் சென்றவர் கொழும்பிலுள்ள விற்பனையாளராம். பாடசாலையில் எவரிடமும் அது இல்லை.