மோர் மட்டும் போதுமா?

பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் பசியோடு நடந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் நின்று பாருங்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி வழியாக வருகிற கூட்டம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருக்கும். கோபால்பட்டி தாண்டுவதற்குள் இட்லி, பொங்கல், சுக்குக் காபி, மோர் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள்.

இந்தத் தையில் நத்தத்திலிருந்து ஒரு பகல் முழுக்க அம்மாவோடு நடந்தேன். அம்மா மாலை போட்டு ஊர்க்கூட்டத்தோடு முழுத் தூரமும் போகிறவர். வயது 63, சர்க்கரை உண்டு, வெறுங்கால். வெயில் ஏறியதும் தாரில் கால் வைக்க முடியவில்லை. சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கச் சொன்னார். அதில் சூடு குறைவு, ஜல்லியும் குத்தாது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலும் அவர் கோட்டை விட்டு இறங்கவில்லை.

மோர்ப் பந்தலில் மட்டும் ஒவ்வொரு முறையும் "வேணாஞ் சாமி" என்றார். விடாமல் திணித்தவரிடம் வாங்கிய தம்ளரைக் கூட வந்த பையனிடம் நீட்டிவிட்டார். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று கேட்டேன்.

"குடிச்சா எங்கிட்டுப் போயி ஒதுங்குறது? பேசாம வா பாப்பா."

அதற்கப்புறம்தான் மற்றப் பெண்களைப் பார்த்தேன். பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. உதட்டை நனைத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு வருவதை வேண்டுதலின் ஒரு பகுதி மாதிரி பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

விடிவதற்கு முன்பே இருட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒதுங்கப் போய்விடுவதுதான் அவர்கள் கண்ட வழி. லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று போலீஸ்காரர்கள் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிறார்கள், நல்ல காரியம். ஒதுங்கப் போகும் இடத்திலும் அது பளபளக்கும் என்பதால், பையைக் கழற்றி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் போகிறார்கள். பொழுது விடிந்துவிட்டால் அதுவும் இல்லை. சாலையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்தப் புதர்தான் இத்தனை நாள் இவர்களுக்கு மறைப்பாக இருந்தது. வெட்டிய இடத்தில் ஒரு தட்டி கட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் ஒதுங்குவோர் இல்லை என்று 2019 அக்டோபர் 2-ல் அறிவித்தாகிவிட்டது. வீட்டை விட்டு நடந்தே வெளியூர் போகும் பெண் அந்தக் கணக்கில் எங்கே வருகிறாள்?

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டோம். வருகிறவர்களுக்குக் கழிப்பறை வைத்திருக்க வேண்டியது பங்க்குகளின் கடமை. கதவில் பூட்டு தொங்கியது. சாவி முதலாளியிடம் இருக்கிறதாம்.

பணமில்லாத குறை என்று இதைச் சொல்ல முடியாது. பழனி மலை ஏற வின்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் காரும் ஓடுகிறது. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் 2012-லேயே வந்துவிட்டது. அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவரைக் கோயிலும் அரசும் நன்றாகவே கவனிக்கின்றன. வந்து சேரும் வரைக்கும்தான் கேள்வி. தைப்பூசத்தை ஒட்டிய அந்தச் சில வாரங்களுக்கு மட்டும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக நடமாடும் கழிப்பறை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, ஒரு விளக்கு, ஒழுங்கான சம்பளத்தில் சுத்தம் செய்ய இரண்டு பேர். கேட்பது இவ்வளவுதான். விடுமுறை நாட்களில் சாலையோர அரசுப் பள்ளிகளின் கழிப்பறைகளைத் திறந்துவிட்டாலே பாதிப் பாரம் குறையும்.

சாணார்பட்டிப் பக்கம் பந்தல் போட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "சாமி காரியத்துல கக்கூஸப் பத்திப் பேசுறியேம்மா" என்று முகம் சுளித்தார். அவருக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ள கேக்குறதுல என்ன தப்பு? நானும் நடந்தவதானே?" என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் தட்டு அடுக்கப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் வழக்கமாக அன்னதானத்துக்குப் பணம் பிரிப்போம். அடுத்த தைக்கு அதில் பாதியை ஒதுக்கி ஒரு நடமாடும் கழிப்பறையை வாடகைக்கு எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அம்மாவுக்கு இது கொஞ்சம் கூச்சம்தான். ரசீதில் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டி கிடைத்துவிடும். நிறைந்த தொட்டியைக் காலி செய்ய லாரி அனுப்பச் சொல்லி ஊராட்சியிடம் மனுக் கொடுப்பதா, கோயில் நிர்வாகத்திடம் கொடுப்பதா, ஆட்சியர் அலுவலகத்துக்கே போவதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.