சேற்றில் கிடந்த பெட்டகங்கள்



2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி சூறையாடியது. வீடுகளோடு இரும்புப் பெட்டகங்களும் அடித்துச் செல்லப்பட்டன. சேற்றிலும் இடிபாடுகளிலும் கிடந்த சுமார் 5,700 பெட்டகங்கள் காவல்துறையிடம் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்த பணம் 230 கோடி யென்னுக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி உரியவர்களின் கைக்கே திரும்பிப் போனது.

'மதத்தைப் பெரிதாக நினைக்காத நாட்டில் இவ்வளவு நாணயம். ஐவேளை தொழும் உங்கள் தெருவில் என்ன இருக்கிறது?' என்று கல்லூரியில் நம் இளைஞர்களைச் சீண்டுகிறார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

கண்டெடுத்த பொருளை ஓராண்டு காலம் அறிவிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஜப்பானியச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. உரியவர் வந்தால் கண்டெடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானமும் உண்டு. டோக்கியோவில் மட்டும் 2018ல் 40 இலட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. நாமோ ஓராண்டுச் சட்டத்தைக் கிதாபுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம். வியாபாரிகளே, வாடிக்கையாளர் மறந்து வைத்துவிட்டுப் போன பை உங்கள் கடையில் எத்தனை நாள் அவருக்காகக் காத்திருக்கும்?

'அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது' என்று தப்பிக்கவும் முடியாது. 1954ல் அங்கே 3,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகள் பதிவாயின. 2023ல், கொலை முயற்சிகளையும் சேர்த்தே, ஆயிரத்துக்கும் கீழே! அதே இனம், அதே இரத்தம்தானே? போருக்குப் பிந்திய பசி தீர்ந்தது, வேலை கிடைத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியை எளிதில் வீட்டுக்குள் விடவில்லை. தெருமுனைகளில் 'கோபன்' என்ற சிறு காவல் நிலையங்கள். வழி கேட்டாலும் அங்கே சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். (மதரஸாவில் துடைப்பம் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல!)

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் வேண்டாம். 1966ல் கைதான இவாவோ ஹகமதாவிடம் கொடுமைப்படுத்தி வாக்குமூலம் வாங்கினார்கள். 1968ல் மரண தண்டனை விதித்தார்கள். அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024ல்! பள்ளிவாசலுக்கு வருவோரைக் கண்காணித்து டோக்கியோ காவல்துறை தொகுத்த ஆவணங்கள் 2010ல் இணையத்தில் கசிந்தன. 17 பேர் வழக்குத் தொடுத்தார்கள். கசிந்ததற்கு நஷ்டஈடு தரச் சொன்ன நீதிமன்றம், கண்காணித்ததைத் தவறென்று சொல்லவில்லை. 2016ல் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே விட்டுவிட்டது.

இதையும் கல்லூரி நண்பரிடம் சொல்லுங்கள். பெட்டகங்களின் செய்தியை ஒப்புக்கொண்ட பிறகு சொல்லுங்கள்.