தலையிழக்கும் எழுத்துகள்

குமணன் என்றதும் புலவனின் வறுமை தீரத் தன் தலையையே தர முன்வந்து வாளை நீட்டிய வள்ளல்தான் நினைவுக்கு வருவான். குமணன்சாவடியில் குடியிருந்து தமிழ் கற்பிக்கும் நமக்கோ அண்மைக்காலமாக வேறொன்றும் நினைவுக்கு வருகிறது: தாமாகக் கொடாமலே தலை பறிபோகும் தமிழ் எழுத்துகள். கணினிச் சாளரங்களில் 'கீ' சுழியிழந்து நிற்கிறது; 'மூ' காலிழந்து நிற்கிறது.

ஆய்வு மாணவியொருவர் சொல்லடைவு தயாரிக்க ஒரு தமிழ் மென்பொருளை நிறுவினார். அவருடைய மடிக்கணினித் திரை 1366க்கு 768 புள்ளி. தமிழ்ச் சுழிகள் கண்ணுக்குப் புலப்படவேண்டி உருப்பெருக்கத்தை 125 விழுக்காடாக வைத்திருந்தார். அப்படி வைத்தால் உயரத்தில் எஞ்சுவது 614 புள்ளிக்குரிய இடமே. மென்பொருளின் அமைப்புச் சாளரமோ 700 புள்ளி உயரம். இழுத்துச் சுருக்கவும் வழியில்லை. 'சரி' என்னும் பொத்தான் திரைக்குக் கீழே பாதாளத்தில் கிடந்தது. மென்பொருளாளருக்கு மடல் எழுதினோம். 'திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று ஒருவரி விடை வந்தது. செருப்புக்கேற்பக் காலை வெட்டச் சொல்கிறார்!

இது ஒருவர் குற்றமன்று. அளவுகோலே அப்படி. விண்டோஸில் உரையாடல் பெட்டியை அளக்கத் தனி அலகு உண்டு. எழுத்தின் சராசரி அகலத்தில் நான்கிலொரு பங்கு. புள்ளிக்கணக்கைவிட நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சராசரி எடுக்கப்படுவது ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள் 52இலிருந்து. நம் 'ணை'யும் 'ஞௌ'வும் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை.

'எத்தனை திரைக்குத்தான் அளவெடுப்பது?' என்று நிரலாளர் கேட்பார். அளவெடுக்கவே வேண்டாம் என்கிறோம். பொத்தானை இன்ன புள்ளியில் வை என்று ஆணியடிக்காமல், இதற்குப்பின் இது என்று வரிசையை மட்டும் சொன்னால், சொல்லின் நீளம் பார்த்துப் பெட்டி தானே விரியும். இடம் போதாவிடில் உருள்பட்டை சேர்க்கலாம். ஜாவாவிலும் க்யூட்டியிலும் 1990களிலேயே இருந்த வசதி இது. தெரியாததால் அன்று, தமிழ்ச் சொல்லை இட்டுப் பார்க்கும் பொறுமை இல்லாததாலேயே கைவிடப்படுகிறது.

நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. 'விண்டோ' என்பதற்குச் சாளரமா, பலகணியா என்று ஓயாது வாதிட்டோம். அச்சொல் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று எவரும் எட்டிப் பார்த்தோமில்லை. 'கேன்சல்' என்பதன் ஆறு ஆங்கில எழுத்துக்கு வெட்டிய பொத்தானில் 'இரத்துசெய்' என்று எழுதினால் 'இரத்து' மட்டும் தெரியும். குருதியோ என்று ஐயுறும்படி சிலவிடத்து 'இரத்' மட்டுமே. அதற்கஞ்சி மொழிபெயர்ப்பாளர் சொல்லை நறுக்குகிறார். பொருந்தும் சொல்லைப் புலமை தேர்ந்த காலம் போய்ப் பொத்தான் தேர்கிறது. கலைச்சொல் அரங்குகளில் கைதட்டும் நாம் இதைத் தச்சுவேலை என்று ஒதுக்கிவிட்டோம்.

'தமிழில் வெளியிடுகிறோம்' என்று முழங்குவோர், 768 புள்ளி உயரத் திரையில், 125 விழுக்காட்டில், ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முழங்கட்டும்.

மாணவி உருப்பெருக்கத்தை 100க்கு இறக்கினார். பொத்தான் மேலே வந்தது. தமிழ் எறும்பாய்ச் சிறுத்தது. மறுவாரம் பார்த்தால் மென்பொருளை ஆங்கிலத்துக்கே மாற்றியிருந்தார். "இதுதான் ஐயா கண்ணுக்குத் தெரிகிறது" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.